லயம் முழுக்க ஒரே செம்பு

அண்மையில் கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். படித்த மனிதர் ஒருவர் தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் பழைய காலத்தைப் பற்றிப் பேசினார். அவர்கள் அப்போது வசதியாகத்தான் இருந்தார்கள், வீட்டுக்கு வீடு பித்தளைப் பாத்திரம் இருந்ததாக வந்து பார்த்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். எந்தத் தோட்டம், யார் எழுதியது என்று அவர் சொல்லவில்லை. நான் முழங்கால் வலியோடு எழுந்து நின்று, அந்தப் பாத்திரம் வீட்டுக்கு வீடு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் என்றேன். கிழவி ஏதோ வேடிக்கை பேசுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கச் சொல்லி நான் எழுந்து நிற்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கண்டி மஹய்யாவக்காரி, தெருக்கூட்டுகிறவர்கள் குடியிருக்கிற பகுதி. என் அப்பா கண்டி முனிசிபல்டியில் தெருக்கூட்டியவர். பெருநாள் வந்தால் ஊரே மினுமினுக்கும். மினுக்கியவர்களை மட்டும் ஊர் பக்கத்தில் சேர்க்காது. அப்பாவுக்கு ஒரே பிடிவாதம், மகள் இங்கிலீசு படிக்க வேண்டும் என்பது. கோயிலுக்குப் போகிற கன்னியாஸ்திரிகளை வழிமறித்து, கெஞ்சாமல், ஏதோ தனக்கு வரவேண்டியதைக் கேட்பவர் போலக் கேட்டு, என்னை அவர்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். தெருக்கூட்டுகிறவன் மகளுக்கு இங்கிலீசு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. "வையிறதுக்குத்தான்" என்று அப்பா சொல்வார். அவர் விருப்பப்படியே படித்தேன். அவர் சொன்ன திட்டுகிற வேலைக்கும் அதைப் பயன்படுத்தினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போது சீமையிலிருந்து ஒரு துரைசானி வந்தார். தோட்டத்துச் சனங்களின் கூலி, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து எழுதப் போவதாகவும், அரசாங்கத்தில் உள்ளவர்கள் அதைப் படிப்பார்கள் என்றும் சொன்னார்கள். அவருக்குத் தமிழும் இங்கிலீசும் தெரிந்த பெண் ஒருத்தி துணைக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாக இங்கிலீசு பேசுகிற டீச்சர்மார் இருந்தார்கள். தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கிற லயத்துக்குள் நுழைய அவர்கள் வீடுகளில் சம்மதிக்கவில்லை. அதனால் பெரிய மதர் என்னை அனுப்பினார். எனக்குக் கிடைத்த கௌரவம் அப்படித்தான் கிடைத்தது.

துரைசானி கெட்டவர் இல்லை. நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய், எப்போதும் தண்ணீர்த் தாகத்தோடு இருப்பார். முதல் நாளே காரில் தம்முடைய வேலை என்னவென்று எனக்கு விளக்கினார். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற கூலி அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் போதுமா என்பதுதான் கேள்வி. போதும் என்று கண்டால் அப்படியே எழுதுவார். கூலி இருக்கிற இடத்திலேயே இருக்கும். போதாது என்று கண்டால், கூட்டும்படி மேலே சொல்வார். வாயால் சொல்வதை அவர் நம்புவதில்லையாம். துரைமார் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்வார்கள், கூலியாட்கள் கூட்டிச் சொல்வார்கள், ஆகவே நான் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவேன் என்றார். அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

தோட்டம் புசல்லாவைப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டும். ஆபீசு வாசலில் கிளாக்கர் நின்று வரவேற்றார். யாழ்ப்பாணத்து மனிதர், நெற்றி நிறைய விபூதி, சுத்தமான கோட்டு. துரைசானிக்கு ஒரு கதிரையும் எனக்கு ஒரு கதிரையும் போடச் சொன்னார். என் சட்டையையும் சப்பாத்தையும் பார்த்து நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்திருக்கிறார். நான் உட்காருவதற்குள் கேட்டுவிட்டார்.

"நீர் ஆரின்ரை மகள், பிள்ளை?"

"மஹய்யாவ. முனிசிபல்ல தெருக்கூட்டுறவர் மக" என்றேன்.

அவர் கதிரை தூக்கி வந்தவனைக் கண்ணால் பார்த்தார், அவன் எனக்கான கதிரையைத் திரும்ப உள்ளே கொண்டுபோனான். ஒரு கை உடைந்த கதிரை அது. நான் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். நிற்பதில் எனக்கு நல்ல பழக்கம். அந்தக் கதிரையை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

துரைசானி காலையில் ஆபீசுப் புத்தகங்களையும் பள்ளிக்கூடக் கொட்டிலையும் பார்ப்பார். மத்தியானம் பங்களாவில் துரையோடு சாப்பாடு. கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வீடு திரும்பிய பிறகு லயத்துக்குப் போவோம். நீளமான ஒற்றை லயம், குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்புத் திண்ணை. துரைசானியிடம் அச்சடித்த தாள்கள் இருந்தன. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு தாள். அதில் பித்தளைப் பாத்திரம் உண்டா, கதிரை உண்டா, கம்பளி உண்டா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். நாங்கள் உள்ளே போனதும் வீட்டுக்காரி கும்பிடுவாள். மூலையில் கதிரை இருக்கும். பளபளவென்று விளக்கிய செம்பில் தண்ணீர் வரும். துரைசானி உட்கார்ந்து, குடித்து, உண்டு, உண்டு, உண்டு என்று கோடு போடுவார். இந்தச் சனங்கள் எவ்வளவு விருந்தோம்பல் உள்ளவர்கள் என்று என்னிடம் வியந்தார்.

இரண்டாம் காம்பராவிலேயே எனக்கு உறுத்தியது. ஆபீசில் பார்த்தது போலவே கதிரைக்கு ஒரு கை இல்லை. மூன்றாவதில் செம்பின் விளிம்பைப் பார்த்தேன். ஒரு பக்கம் நெளிந்து, ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. நாலாவதிலும் அதே நெளிசல், அதே ஈயம். துரைசானி ஒரு காம்பராவிலிருந்து வெளியே வந்து, தாளை மடித்துவைத்து, கிளாக்கரிடம் நாலு வார்த்தை பேசுவார். அந்த நேரத்துக்குள் ஒரு பெண் முந்தானைக்குள் எதையோ மூடிக்கொண்டு எங்களை முந்திப் போவாள். இன்னொருத்தி கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி ஓடுவாள். கம்பளி கூட இப்படியே காம்பரா காம்பராவாக நடந்தது என்று பிறகு தெரிந்தது. கிளாக்கரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கதிரையைக் கொடுத்தவரே அவர்தானே. துரைசானி தரையில் உட்காரக் கூடாது என்று கொடுத்தாராம். அது தாளில் ஏறுவது அவருக்கு வேண்டாத காரியமா?

லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு தனிப் பெண் இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஒரே மகள், பத்து வயது தாண்டியவள், கொட்டில் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வாசலில் உட்கார்ந்து சிலேற்றில் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, வெள்ளைக்காரியைக் கண்டு மற்றப் பிள்ளைகள் ஒளிந்தபோதும் எழுந்திருக்கவில்லை; எழுதுவதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

பத்து வயதானால் பிள்ளையின் பேரைச் செக்ரோலில் பதிந்துவிடுவார்கள். செக்ரோல் என்றால் வேலைக்காரர்களின் கூலிப் புத்தகம். பதிந்த பிள்ளை விடிந்ததும் கூடை கட்டிக்கொண்டு மலைக்குப் போகவேண்டும், அதோடு படிப்பு முடிந்தது. ஒருத்தியின் கூலியில் இரண்டு வயிறு நிறையாது. ஆகவே மகளின் பேரைப் பதியும்படி கிளாக்கர் மாதத்துக்கு மாதம் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் மாதத்துக்கு மாதம், அடுத்த மாதம் பார்ப்போமுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அடுத்த மாதம் இனி வெகுதூரத்தில் இல்லை என்பது அவள் மகளின் மெலிந்த கைகால்களைப் பார்த்தாலே தெரிந்தது. தாய் ஒருவேளைதான் சாப்பிடுகிறாள் என்பதும் தெரிந்தது. அவளிடம்தான் துரைசானி வந்து உட்கார்ந்து, கை உடைந்த கதிரையில், நெளிந்த செம்பில் தண்ணீர் குடித்து, உண்டு, உண்டு என்று எழுதினார்.

அன்று காரில் திரும்பும்போது துரைசானி திருப்தியாக இருந்தார். தாம் எதிர்பார்த்ததைவிட இந்த லயத்தில் வாழ்க்கை மேலாக இருக்கிறது என்றார். எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பயத்தினால் இல்லை. யாரோ ஒருத்தியின் மானத்தை அவளைக் கேட்காமல் எடுத்துக் காட்ட எனக்கு என்ன உரிமை என்றுதான்.

எனக்கு அந்த மானம் தெரியும். பங்குச் சாமியார் வீடு சந்திக்க வரும்போது மஹய்யாவவிலும் ஒரு கதிரை நடந்தது. ஒரு மேசை விரிப்பும் நடந்தது. சாமியார் எல்லா வீட்டிலும் அதே பூப்போட்ட விரிப்பைப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே ரசனை என்று சொன்னதாக என் அம்மா பல வருடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் சாமியாரின் வருகையில் எங்கள் கூலி தொங்கவில்லை. இங்கே தொங்கியது. அதுதான் என்னை நெருப்பில் நிற்க வைத்தது.

மறுநாள் மத்தியானம் துரைசானி பங்களாவுக்குச் சாப்பிடப் போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் நேரே லயத்துக்கு நடந்தேன். பெண்கள் சாப்பிடவும் கைப்பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கவும் வந்திருந்தார்கள். கடைசிக் காம்பரா இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து, அந்தச் செம்பு யாருடையது என்று கேட்டேன். எந்தச் செம்பு என்று அவள் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினேன். நீங்கள் செம்பைக் காட்டக் காட்ட அந்த அம்மா இங்கே எல்லாம் நிறைந்திருக்கிறது என்று எழுதுகிறார், கூலி போதும் என்று சீமைக்குச் சொல்லப் போகிறார், உங்கள் பிள்ளைகளின் படிப்பை நீங்களே செம்பில் வைத்துத் தூக்கிக் கொடுக்கிறீர்கள் என்றேன்.

அவள் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள்.

"வேற என்னா செய்யச் சொல்றீங்க டீச்சரம்மா? இதுகளுக்கு ஒண்ணுமேயில்லன்னு எழுதிக்கிட்டுப் போயி சீமையில உள்ளவன் எல்லாம் படிக்கட்டுமா? எங்க இல்லாமை எங்க காம்பராவுக்குள்ள இருக்கட்டும். அத வெளக்குப் புடிச்சு எவளுக்கும் காட்ட மாட்டோம்."

மற்றப் பெண்கள் அவள் பக்கம்தான் நின்றார்கள். சப்பாத்துப் போட்டவளுக்கு எங்கள் பாடு என்ன தெரியும் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நான் சப்பாத்தைக் கழற்றி இஸ்தோப்பில் வைத்தேன். அந்தச் சப்பாத்து வாங்க என் அப்பா எந்தெந்தத் தெருவைக் கூட்டினார் என்று வரிசையாகச் சொன்னேன். பிறகு விரிப்புக் கதையையும் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பரவியது. கடைசிக் காம்பராக்காரி மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கிளாக்கரையா இந்த மாசமே பதியணும்னுட்டாரு" என்றாள் பிறகு, என்னைப் பார்க்காமல்.

அவள் காம்பராவின் கறுத்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பொங்கலுக்கு முன்னே வருகிற ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது அங்கே வழக்கம். தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுப்பார்கள். விடிந்ததும் எல்லாக் காம்பராவிலிருந்தும் இருக்கிற சாமான் அத்தனையையும் அள்ளி அவரவர் வாசலில் வைத்துவிட்டு, லயம் முழுவதையும் ஒரே நாளில் அடித்து முடிப்பார்கள். அன்றைக்கு எதையும் ஒளிக்கவும் முடியாது, ஒருவர் சாமான் இன்னொருவர் வாசலுக்குப் போகவும் முடியாது, ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே கிடக்கும்.

"வாயால ஒண்ணும் சொல்ல மாட்டோம், தங்கச்சி" என்றாள். அதுவரை டீச்சரம்மா என்றுதான் சொன்னாள். "ஞாயித்துக்கெழம சுண்ணாம்பு அடிக்கிறோம். அன்னைக்கு வேணும்னா தொரசாணி வந்து பாத்துக்கட்டும்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கிழவி மட்டும், அன்றைக்காவது சட்டி பானையை நல்லாக் கரி தேய்த்துக் கழுவி வையுங்கடி என்றாள்.

துரைசானியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், அன்று தாம் வேலை செய்வதில்லை என்றார். அந்த லயத்து வேலை முடிந்துவிட்டது, இனித் திகனப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். நானும் ஞாயிற்றுக்கிழமை பூசை காணாமல் இருக்கிறவள் இல்லை, விடியற்பூசைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவேன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், நீங்கள் கண்டது சரியாகத்தான் கண்டதா என்று அந்த ஒரு நாளில்தான் தெரியும், எழுத வேண்டாம், பார்த்தால் போதும் என்றேன். இன்னும் என்ன தெரியும் உனக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காரை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது லயத்து வாசல் முழுவதும் சாமான் கிடந்தது. கறுத்த மண்பானைகள். விளிம்பு போன அலுமினியக் கோப்பைகள். தகரப் பெட்டி. கொழுந்துக் கூடை. இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு. ஓரிடத்தில் பாதி கிழிந்து நடுவில் தைத்த கம்பளி. ஒவ்வொரு வாசலிலும் அவ்வளவுதான், அதுவும் இரண்டு கை அகலத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லாம் கழுவித் துடைத்து ஒழுங்காக அடுக்கியிருந்தது. கிழவியின் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். கதிரை எங்கும் இல்லை. கடைசி வாசலில் மட்டும் ஒரு செம்பு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

பெண்கள் யாரும் கும்பிடவில்லை. சுண்ணாம்புக் கையோடு அவரவர் சாமானுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்கள். துரைசானி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்தார். திரும்பி வந்தார். கைப்பையிலிருந்து பழைய தாள்களை எடுத்தார். மறுபடியும் நடந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வாசலிலும் நின்று தாளையும் தரையையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மற்றப் பித்தளைப் பாத்திரங்கள் எங்கே என்று கேட்டார்.

அதற்குள் காரைக் கண்டு கிளாக்கர் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானதால் கோட்டு இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே இங்கிலீசில் பதில் சொன்னார். பொங்கலுக்கு மினுக்குவதற்காகக் கடைக்குக் கொடுத்திருப்பார்கள், கதிரைகளும் அப்படித்தான் எங்காவது இருக்கும் என்றார். துரைசானி தலையை ஆட்டினார். நம்பிவிடுவார் போலத்தான் இருந்தது. இந்தப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், எனக்கும் சொல்ல உரிமை இல்லை.

"அய்யா என்னா சொன்னாரு?" என்று கடைசிக் காம்பராக்காரி என்னைக் கேட்டாள்.

அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். மினுக்கக் கொடுத்திருக்கிறீர்களாம் என்றேன். அவள் குனிந்து செம்பை எடுத்தாள். வாசலைத் தாண்டி வந்து துரைசானி முன்னால் நின்றாள்.

"இது என் கல்யாணத்துச் செம்பு. எல்லா வூட்டுலயும் நீங்க தண்ணி குடிச்சது இதுலதான். உக்காந்தது ஆபீசுக் கதிரையில. எங்களுக்கு மானம் இருக்கு, அதனால கொண்டுபோனோம். இப்ப சரியா எழுதிக்கங்க. இந்த லயத்துக்கு ஒரு செம்புதான். எம் மக பேரு செக்ரோல்ல ஏறாது. அதையும் எழுதிக்கங்க."

நான் துரைசானி பக்கம் திரும்பினேன். கிளாக்கர் என் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"அதை அப்பிடியே சொல்லவேணும் எண்டில்லை, பிள்ளை. கொஞ்சம் பதமாச் சொல்லும்."

நின்று வேலை பார்த்தவள் நான். அந்தக் கதிரையை உள்ளே கொண்டுபோகச் சொன்ன கண்ணை நான் மறக்கவில்லை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். மானம் என்பதற்கு மட்டும் சரியான இங்கிலீசுச் சொல் கிடைக்காமல் இரண்டு சொல் போட்டேன். முடித்ததும், இப்போது கிளாக்கர் என்னைப் பதமாகச் சொல்லச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்பா எதற்காக இங்கிலீசு படிப்பித்தாரோ அது அன்று நடந்தது.

துரைசானி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அவ்வளவு மதித்திருக்க மாட்டேன். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றிலும் பழைய கோடுகளின் மேலே நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு லயத்து வாசலில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கொழுந்துக் கூடையின் மேல் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல், ஒவ்வொரு வாசலுக்கும் புதிதாக எழுத ஆரம்பித்தார். கிளாக்கர் ஆளை அனுப்பி ஆபீசுக் கதிரையை எடுத்துவரச் சொன்னார். துரைசானி வேண்டாம் என்று கையைக் காட்டினார். கதிரை பாதி வழியில் திரும்பிப் போனதை லயம் முழுவதும் பார்த்தது.

பெரிய மதரிடம் என்மேல் புகார் போனது. மொழிபெயர்க்கப் போனவள் வாயாக மட்டும் இருக்கவேண்டும் என்று மதர் கண்டித்தார். வாயாகத்தான் இருந்தேன் மதர், மூடிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். அந்த வருடம் முழுவதும் மூக்கு ஒழுகுகிற அரிவரி வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு அரிவரி பிடிக்கும்.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிய தண்டனை. துரைசானி கப்பல் ஏறிக் கொஞ்ச நாளிலேயே கிளாக்கர் அவளுக்குப் பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பத்துச்சீட்டு வாங்கினால் காம்பராவை விடவேண்டும், தோட்டத்தை விட்டுப் போகவேண்டும். மகளின் பேரைப் பதிந்தால் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகக் கடைசிவரை சொன்னாராம். அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளையும் செம்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கண்டியில் இறங்கி, தெருக்கூட்டுகிறவர் மகள் டீச்சர் வீடு எது என்று விசாரித்திருக்கிறாள். மஹய்யாவவில் அப்படிக் கேட்டால் வழி தெரியாதவர் இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, பள்ளிக்கூடம் எங்க இருக்கு என்றுதான் முதலில் கேட்டாள். உள்ளே வா, உட்கார் என்று அம்மா தகரக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். அவள் கொஞ்சம் யோசித்தாள். ஏன் யோசித்தாள் என்று எனக்குத் தெரியும். லயத்திலும் எங்கள் ஆட்கள் கையால் தண்ணீர் வாங்காதவர்கள் உண்டு. நான் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு குவளையை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா என்றாள். அப்பா அவளுக்கு முனிசிபல்டியில் வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில் நான் அந்தப் பிள்ளையின் பேரைப் பள்ளிக்கூடப் பதிவு இடாப்பில் என் கையாலேயே எழுதினேன்.

முப்பதுகள் பிறந்திருந்தன. ஒருநாள் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர், அந்தத் தோட்டத்தில் பெண்களின் கூலியைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். துரைசானி எழுதியதால்தான் கூட்டினார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். பிறகு தேயிலை விலை விழுந்தபோது கூட்டியதில் கையும் வைத்தார்கள். ஆனால் அன்றைக்குக் கேட்ட செய்தி, கூட்டியிருக்கிறார்கள் என்பது.

நான் அவளைத் தேடிப் போனேன். எங்கள் பள்ளிக்கூடத் தெருவில்தான் கூட்டிக்கொண்டிருந்தாள். மகள் அப்போது உள்ளே, மேல் வகுப்பில், சத்தமாக இங்கிலீசு வாசித்துக்கொண்டிருந்தாள்; அது தெருவுக்குக் கேட்கும். நான் செய்தியைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தவளுக்கு அதில் ஒரு சதம் கிடைக்கவில்லையே என்று ஆற்றாமை. அவள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு யோசித்தாள்.

"கிளாக்கரு இன்னும் அங்கதான் இருக்காரா?" என்று கேட்டாள்.

அவர்தான் இருக்கிறார், செக்ரோலும் அவர் கையில்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப கூட்டுன சம்பளத்த அவரு கையாலதான எழுதணும்?"

ஆமாம் என்றேன்.

"எழுதட்டும்" என்றாள். "ஒவ்வொருத்தி பேருக்கும் நேரா, மாசாமாசம் எழுதட்டும்."

அப்புறம் குனிந்து, பள்ளிக்கூட வாசலை இன்னொரு தடவை கூட்டினாள்.